சீட்டுச் சங்கிலியும் டிரைவர் மாமாவும்

டிரைவர் இருக்கைக்கு மேலே, மாலை போட்ட சாமி படத்துக்குப் பக்கத்தில், பஸ்ஸின் உட்புறத்தைக் காட்டும் நீளவாட்டுக் கண்ணாடி ஒன்று இருக்கும். இறங்கப்போகும் பயணிகள் அதில் பார்த்துத் தலை சீவிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கண்ணாடி என்றால் அதற்குள் எப்போதும் இருந்த இரண்டு கண்கள்தான் நினைவுக்கு வருகின்றன. கூட்டத்துக்கு நடுவில் ஒற்றைக்காலில் நின்று நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பேன். எவனோ ஒருவன் டிக்கெட் வாங்காமல் தூங்குகிற மாதிரி நடிப்பான். நான் அவனைக் கடந்துவிட்டேன் என்றால் முன்னாலிருந்து ஹாரன் ஒரு தரம் சின்னதாக அடிக்கும். திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்குள் அந்தக் கண்கள் அவனைக் காட்டிக் கொடுக்கும். கடலூர் – சிதம்பரம் ரூட்டில் ஓடும் எங்கள் தனியார் பஸ்ஸில் டிரைவர் மாமாவை ஏமாற்றி யாரும் ஓசியில் போனதில்லை.

மாமா என்றால் சொந்தம் இல்லை. அவர் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் குடும்பம் கடலூர் முதுநகரில் மாதா கோயில் தெருவில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டார். நான் மாமா என்றேன். அதன்பிறகு பயணிகள் பலர் நாங்கள் உண்மையிலேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் என்று நம்பினார்கள். நாங்களும் மறுக்கவில்லை. மாமா ஒல்லியான ஆள், மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு விஷயம் சரியில்லை என்றால் எதிரே இருப்பது முதலாளியாகவே இருந்தாலும் சொல்லிவிடுவார். பொய்யாக ஒருத்தரைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு டீக்கடையை ஒட்டி, பஸ்காரர்கள் கால் நீட்டிக்கொள்ள ஓர் ஓட்டு வீடு இருந்தது. ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் இடையில் அங்கே சிலர் தூங்குவார்கள், சிலர் ரம்மி ஆடுவார்கள். எனக்கு ஆட்டத்தில் ஈடுபாடு இல்லை. ஓரமாகப் படுத்து செல்போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு மத்தியானம்தான் அந்த வீடியோ வந்தது. எந்த ஊர்க்காரனோ தெரியவில்லை, ஒரு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தான். நான்கு சீட்டுகளை எடுத்தான். ஒவ்வொன்றின் நடுப்பகுதியையும் கிழித்து எடுத்துவிட்டு ஓரத்தை மட்டும் ஜன்னல் சட்டம் மாதிரி விட்டான். பிறகு இரண்டு சட்டங்களை ஒன்றோடொன்று மெல்ல உரசினான். இரண்டும் சங்கிலிக் கண்ணிகளைப்போலக் கோத்துக்கொண்டன. மூன்றாவதும் கோத்துக்கொண்டது, நான்காவதும். கடைசியில் அந்தக் காகிதச் சங்கிலியை எதிரே இருந்த பெண்ணின் கையில் கொடுத்தான். அவள் இழுத்துப் பார்த்தாள். எங்கேயும் வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் அது என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கண்டக்டரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பார்கள். டிக்கெட் வருகிறதா, பாக்கி வருகிறதா என்று கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருஷக்கணக்காக நான் ஒரு கையாகவே அந்தப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். ஆளோடு ஆளாக உட்கார்ந்து, வெறும் கையால், எதிரே இருப்பவரின் வாயைப் பிளக்க வைக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். சரி, கையைத்தானே பார்க்கிறீர்கள், பாருங்கள் என்று சொல்லவேண்டும்போல இருந்தது.

சீட்டுக்குப் பஞ்சமில்லை. ரம்மி ஆடுகிறவர்கள் முனை மடங்கிய கட்டுகளைத் தூக்கி மூலையில் போடுவார்கள். அவற்றை அள்ளிக்கொண்டு போய் வீட்டில் கிழித்தேன். இந்த வித்தையில் கஷ்டம் என்னவென்றால் ஒரு தடவை கிழித்த சீட்டு மறுபடி சீட்டாகாது. ஒவ்வொரு தவறுக்கும் நான்கு சீட்டு போய்விடும். கட்டிலுக்கடியில் ராஜா ராணிகளின் வயிற்றுப் பகுதிகள் குப்பையாகக் கிடந்தன. பெருக்க வந்த என் மனைவி ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "சீட்டாடிக் கெட்டுப்போனவங்கள பாத்துருக்கேன். சீட்டக் கிழிச்சிக் கெட்டுப்போறவர இப்பத்தான் பாக்குறேன்" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். செய்துகாட்டச் சொன்னாள். செய்தேன். இரண்டாவது சீட்டைக் கோக்கும்போதே அது கிழிந்து கையோடு வந்தது. அவள் பெருக்கப் போய்விட்டாள்.

எப்படிக் கோப்பது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது எனக்குச் சோறு போடும் விஷயம் இல்லையென்றாலும் அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. விரல் எங்கே போகவேண்டும் என்பதைக் கற்றுக்கொள்வது ஒரு பங்குதான். போகவேண்டிய விரல் போவதே தெரியாமல் போவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. மழைக்காலம் முழுக்க, பஸ் பாதி காலியாக ஓடிய டிரிப்புகளில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து பழகினேன். புதுச்சத்திரம் தாண்டிச் சாலை மோசமாகும்போது குலுக்கலில் சீட்டு கிழியும். குலுக்கலிலும் கிழியாமல் கோக்கப் பழகினேன்.

ஓரளவு தைரியம் வந்ததும் டிரைவர் மாமாவிடம் காட்டினேன். டீயைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் நான்கு சீட்டையும் கோத்து முடித்து அவர் முன்னால் தொங்கவிட்டேன். அவர் சங்கிலியைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்தார்.

"ரெண்டாவது சீட்டு கோக்குறப்ப ஒன் எடது கட்டவெரலு உள்ள போவுது மச்சான். அத மறைக்கிறதுக்குத்தான் அந்த எடத்துல ஜாஸ்தி பேசுற."

அவ்வளவுதான். டீயை எடுத்துக் குடித்தார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கட்டைவிரலைச் சரிசெய்துகொண்டு மறுபடி போனேன். இப்போது சுண்டுவிரல் விறைக்கிறது என்றார். அதைச் சரிசெய்தேன். கோக்கும் நேரத்தில் மூச்சைப் பிடிக்கிறாய் என்றார். அதையும் விட்டேன். அவருக்கு ஒரு வித்தையும் தெரியாது. சீட்டைக் கலைத்துப் போடக்கூடத் தெரியாது. ஆனால் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு பஸ் நிறைய கைகளையும் முகங்களையும் பார்த்தே பழகியவர். கை பொய் சொல்லும்போது அவருக்குத் தெரிந்துவிடும். வேறு யாரை ஏமாற்றினாலும் அது கணக்கில் சேராது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. ரம்மி ஆடுகிறவர்கள் எல்லோரும் அதற்குள் வாயைப் பிளந்தாகிவிட்டது. மாமா மட்டும் அசையவில்லை.

இப்படியே ஒரு வருஷம் ஓடி, பொங்கல் கழிந்த சமயம் அது நடந்தது. ஒரு சாயங்காலம் அவருக்கு முன்னால் செய்துகாட்டினேன். முடியும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மெல்லத் தலையாட்டினார். "புடிக்க முடியல மச்சான். நீ ஜெயிச்சிட்ட" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அங்கே இருந்த எல்லோருக்கும் சம்சா வாங்கிக் கொடுத்தேன். திரும்பும் டிரிப்பில் நிறுத்தங்களின் பெயரை நான் கத்திய கத்தில் தூங்கியவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் மறுபடி செய்தேன். அப்போதும் பிடிக்க முடியவில்லை என்றார்.

மூன்றாம் தடவைதான் கை வழுக்கியது. வேர்வையோ என்னவோ, மூன்றாவது சீட்டைக் கோக்கும்போது தெரியவே கூடாத ஒன்று அவர் முகத்துக்கு நேரே பளிச்சென்று தெரிந்துவிட்டது. விவரம் தெரியாத சின்னக் குழந்தைகூடக் கைதட்டிச் சிரித்திருக்கும். மாட்டிக்கொண்டோம் என்று நான் அப்படியே நிறுத்திவிட்டேன். மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாருக்கு மச்சான், ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

முதலில் எனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லையே அவர். மனதில் ஏதோ நெருடியது. தரையில் நான்கைந்து சீட்டுகளைப் பரப்பி, அந்த ஆட்டின் ராணியை எடுங்கள் மாமா என்றேன். சிவப்பு இதயம் போட்ட ராணி அது. பக்கத்தில் கறுப்பு இஸ்பேடு ராணியும் கிடந்தது. அவர் இரண்டையும் கையில் எடுத்தார். கோழி பார்க்கிற மாதிரித் தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒவ்வொன்றாகக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு வாசல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார். கொஞ்ச நாளாக நடந்ததெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. வேகத்தடையில் திடீரென்று பிரேக் போட்டது, எதிர்வண்டி விளக்கு பட்டால் உறுமிக்கொண்டே வேகத்தைக் குறைத்தது, அங்க கை காட்டுறது ஆணா பொண்ணா என்று என்னிடம் கேட்டது. ஓசிப் பயணிகளுக்காக ஹாரன் அடித்தும் மாதங்கள் ஆகியிருந்தன. ஊரில் எல்லோரும் ஒழுங்காகிவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே எங்கள் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரமெல்லாம் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. கண் எப்படி இருக்கிறது மாமா என்று கேட்டேன். அவர் சீட்டுகளைத் தரையில் வைத்தார்.

"ரோடு எனக்கு மனப்பாடம் மச்சான்."

"ரோடு மனப்பாடம் மாமா. குறுக்க வர்ற புள்ளைங்க மனப்பாடமா?"

அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவருக்குக் கல்லூரியில் படிக்கும் பெண் இருந்தாள். பார்வை போய்விட்டது என்று முதலாளி காதுக்கு எட்டினால் அடுத்த நாளே வேறு ஆள் வந்துவிடுவான். இதெல்லாம் எனக்கும் தெரியும். வெளியே டைம் கீப்பர் விசில் ஊதினார். மாமா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். பிறகு தானே முதலாளிக்குப் போன் போட்டார். காய்ச்சல், வயிற்றுவலி என்று எதுவும் சொல்லவில்லை. "கண்ணு சரியில்ல மொதலாளி. வண்டிய நான் எடுக்கமாட்டேன். வேற ஆளு அனுப்புங்க" என்றார். நான் பயணிகளை இறக்கிப் பின்னால் நின்ற பஸ்ஸில் ஏற்றினேன். ஏன், என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் வண்டி ரிப்பேர் என்றேன். அந்தப் பஸ்ஸிலேயே மாமாவும் ஏறினார். அவர் பயணியாக உட்கார்ந்து வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கைகள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரைப் புதுச்சேரிக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் நன்றாக முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தால் பார்வை சுத்தமாகத் திரும்பும் என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை, இத்தனை நாள் எப்படி வண்டி ஓட்டினீர்கள் என்பதுதான் ஆச்சரியம் என்றும் சொன்னார். மாமா வெளியே வந்து மரத்தடியில் நின்றுகொண்டு, போகும் வரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. மருந்து ஊற்றியதால் என்றார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து இன்னொன்று. இரண்டாவது கட்டும் பிரித்தபின் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். "இது வெள்ளச் செவுரு மச்சான். நான் மஞ்சன்னு நெனச்சிக்கிட்டு, பெயிண்டு அடிக்கணும்னு இவகிட்ட சண்ட போட்டுருக்கேன்" என்றார். உள்ளேயிருந்து அத்தை சிரித்தார். பிறகு மாமா என்னை உற்றுப் பார்த்து, உனக்கு இவ்வளவு நரைத்துவிட்டதா என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த கேள்வி நான் எதிர்பார்த்ததுதான். சீட்டு இருக்கா, எடு என்றார். இல்லை மாமா, நீங்கள் வண்டியில் ஏறுங்கள், அன்றைக்குக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த இடைக்காலத்தில் நான் சும்மா இருக்கவில்லை. எனக்குக் கிடைத்த வெற்றி வெற்றியே இல்லை என்று தெரிந்தபின் உள்ளுக்குள் ஒரு வேகம் வந்திருந்தது. பழகியதையெல்லாம் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அவசரத்தைக் குறைத்தேன். பேச்சை விட்டேன். மறைக்கவேண்டிய நேரத்தில் பேசாமல் இருப்பது பேசுவதைவிடக் கஷ்டம். என் மனைவி எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பாள். இப்ப நெளியிற, இப்ப என் மூஞ்சியப் பாக்குற என்று சொல்வாள். ஒருநாள் ஆய்ந்த கீரையை அப்படியே விட்டுவிட்டுச் சங்கிலியை வாங்கி ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். அதற்குப்பிறகு கட்டிலுக்கடியில் குப்பை கிடந்தாலும் அவள் முகம் சுளிக்கவில்லை.

டாக்டர் சான்றிதழைப் பார்த்துவிட்டு முதலாளி சாவியைத் திரும்பக் கொடுத்தார். தானாகச் சொன்ன டிரைவரை எப்படி விடுவது என்று மட்டும் சொன்னாராம். மாமா திரும்பி வந்த முதல் நாள், காலை டிரிப்பிலேயே ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. கூட்ஸ் வண்டி வர நேரமாகும் என்று தெரிந்ததும் மாமா இன்ஜினை அணைத்தார். இருக்கையில் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்தார். "மச்சான், எடு" என்றார்.

பையில் ஒரு புதுக் கட்டு வைத்திருந்தேன். முன் இருக்கையில், கிள்ளைக்கு மாற்றுப் பஸ் பிடிக்கவேண்டிய மீன்கார அம்மா ஒருவர் காலிக் கூடையோடு இருந்தார். அவர் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். எதிர்ப்புறம் லால்பேட்டைக்குப் போகும் பெரியவர், தொப்பியை மடியில் கழற்றி வைத்திருந்தார். சீட்டைப் பார்த்ததும் மீன்கார அம்மா, "பஸ்சுலயே சீட்டாட்டமா? போலீசு புடிச்சா நாங்களுமில்ல போவணும்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணையும் பெரியவரையும் ஆளுக்கொரு சீட்டின் ஓரத்தில் பேனாவால் எழுதச் சொன்னேன். பெண் ஆங்கிலத்தில் தன் பெயரை எழுதினாள். பெரியவர் உருதுவில் ஏதோ எழுதினார். மீன்கார அம்மா எனக்கு எழுத வராது என்று சொல்லி ஒரு சீட்டின் முனையில் பல்தடம் பதிய அழுத்திக் கடித்துக் கொடுத்தார். நான்காவதை மாமாவிடம் நீட்டினேன். அவர் ஒரு கோடு இழுத்தார்.

கிழித்தேன். நான்கு சட்டங்கள் என் விரல்களில் தொங்கின. பின்னால் இருந்தவர்கள் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வேறு யாரும் தெரியவில்லை. எதிரே துடைத்துவைத்த மாதிரி இரண்டு கண்கள், என் கைக்கு ஒருமுழம் தள்ளி. ஒன்றும் பேசாமல் முதல் இரண்டையும் உரசினேன். கோத்துக்கொண்டன. பெரியவர் அல்லாஹ் என்று மெல்லச் சொன்னார். மூன்றாவது. மாமா இமைக்கவில்லை. நான்காவதைக் கோக்கும்போது என் விரல்கள் எனக்கே தெரியாத மாதிரி நடந்துகொண்டன. மாதக்கணக்கில் தேடிய இடம் அதுதான் என்று அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது. சங்கிலியை மீன்கார அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கருவாடு பார்க்கிற மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தான் கடித்த தடத்தைக் கண்டுபிடித்துக் கூவினார்.

மாமா அதை வாங்கினார். ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒவ்வொரு சட்டத்தின் ஓரத்தையும் நகத்தால் சுற்றிவரத் தடவினார். எங்கேயும் நகம் சிக்கவில்லை. மறுபடியும் ஒருமுறை தடவினார். பஸ்ஸே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது அவருடைய முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

"கண்ணு நல்லாத் தெரியுது மச்சான். ஆனா ஒண்ணுமே தெரியல."

பஸ் முழுக்கக் கைதட்டியது. விஷயம் தெரியாமல் பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் கூட்ஸ் வண்டி போனதே தெரியவில்லை. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்த பிறகுதான் கேட் திறந்திருப்பதைப் பார்த்தோம்.

மாமா ஓய்வு பெற்று இப்போது ஸ்ரீமுஷ்ணத்தில் நெல் போடுகிறார். நான் இன்னும் அதே ரூட்டில்தான் இருக்கிறேன். லீவு நாட்களில் சிதம்பரத்துக் கல்யாண மண்டபங்களில் மேசை மேசையாகப் போய் இந்தச் சீட்டு வித்தையைக் காட்டுகிறேன். இப்போது என் முகத்தையும் பார்க்கிறார்கள். எத்தனையோ முறை செய்தாகிவிட்டது, கையும் இன்னும் பதமாகிவிட்டது. ஆனாலும் அந்தக் காலை டிரிப்பில் கிடைத்த மாதிரி இன்னொன்று கிடைக்கவில்லை. அன்றைக்குக் கேட்டைத் தாண்டியதும் மாமா வழியில் இருந்த கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கத் தொடங்கினார். உரக்கடை, டயர் கடை, போட்டோ ஸ்டூடியோ, கல்யாண வாழ்த்துப் போஸ்டரில் இருந்தவர்களின் பெயர்கள். பயணிகள் சிரித்தார்கள், அவர் நிறுத்தவில்லை. வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது சட்டென்று அமைதியானார். பிறகு வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, தூரத்தில் வெயில் மங்கலுக்குள் எங்களில் ஒருவருக்கும் இன்னும் தெரியாத ஒன்றைக் காட்டி, "கோபுரம்" என்றார்.